றோட்டரிக் கழகத் தந்தை போல் ஹரிஸ்

பெருநகரில் மக்கள் தொகை மிகுதி. ஆயினும் அங்கு புதிதாக வந்து சேர்வோனுக்கு உறவு அரிது. இவ்வுண்மையைக் கொழும்புத் தமிழர் நன்கறிவர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் உத்தியோகம் நாடித் தலைநகருக்கு வந்த இளைஞர், தலைமுறை தலைமுறையாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சிறிய அறைகளிலே வாழ்ந்தனர். பலர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒருவரை அமர்த்தி, மாதச் செலவைப் பங்கிட்டுக்கொண்ட அவ்வாழ்க்கைக்குச் சமறி என்று பெயர் வழங்கிற்று. வேலை நாட்கள் கந்தோரிற் கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலையிலே வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று ஊரை நினைத்து ஏங்காதார் அவருள் மிகச் சிலரே. அத்தகைய ஏக்கத்தை உலகமெங்கும் பரந்த ஒரு தொண்டு நிறுவனமாக ஆக்கிக் காட்டிய ஒருவரின் வரலாற்றை இம்மலரிற் சுருக்கமாகக் கூறப் புகுகின்றேன். அவரே றோட்டரிக் கழகத்தை நிறுவிய போல் பேர்சி ஹரிஸ் என்பவர்.

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள றசீன் என்னும் ஊரில் 1868 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 19 ஆந் திகதி ஹரிஸ் பிறந்தார். தந்தையார் வியாபாரத்தில் நொடிந்தமையாற் குடும்பம் சிதறியது. மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோதே அவர் வேர்மன்ற் மாநிலத்திலுள்ள வோலிங்பேட் என்னும் மலைசூழ்ந்த சிற்றூருக்கு, தந்தையைப் பெற்ற பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் அனுப்பப்பட்டார். அவ்விருவருமே அவரை வளர்த்தனர். சிக்கனம், உழைப்பு, அயலாருக்கு உதவுதல் என்னும் பண்புகள் அவ்வீட்டில் உபதேசமாக அன்றி நடைமுறையாகவே விளங்கின. ஒருவர் வீட்டுத் துன்பம் ஊர் முழுவதற்கும் தெரியும், தெரிந்தவர் வாளாவிருப்பதில்லை. இளமையிற் கண்ட அவ்வூர் வாழ்க்கையே பிற்காலத்தில் அவர் அமைத்த கழகத்துக்கு வித்தாயிற்று.

இத்துணைப் பெரியாரின் மாணவப் பருவம் முன்மாதிரியானது என்று கூறுவதற்கில்லை. அவர் குறும்பு மிகுந்த பிள்ளை. ஒழுங்கீனம் பற்றிய குற்றச்சாட்டொன்றில் அகப்பட்டு வேர்மன்ற் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். பின்னர்ப் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1888 ஆம் ஆண்டிற் பாட்டனார் இறந்ததையடுத்து அப்படிப்பும் இடையில் நின்றது. ஓராண்டு சலவைக்கல் வியாபார நிலையமொன்றில் வேலைபார்த்த பின், அயோவாப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று 1891 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். ஒருமுறை தவறியவனுக்கு இனி வாழ்வில்லை என்று முடிவுகட்டும் ஆசிரியரும் பெற்றோரும் ஈண்டுச் சற்று நின்று சிந்தித்தல் நன்று.

பட்டம் பெற்றவுடன் அவர் தொழிலில் இறங்கினாரல்லர். ஐந்தாண்டுக் காலம் உலகைக் கண்டு வருவதென்று உறுதிபூண்டார். பத்திரிகை நிருபராக இருந்தார்; பழத் தோட்டத்திற் கூலிவேலை செய்தார்; வணிகக் கல்லூரியிற் கற்பித்தார்; நாடக மேடையில் நடித்தார்; மாட்டுப் பண்ணையில் மாடு மேய்த்தார்; விடுதியொன்றில் இராக்காலக் கணக்கராயிருந்தார்; சலவைக்கல் விற்பனையாளராக ஊரூராகச் சுற்றினார். கால்நடைகளை ஏற்றிச் சென்ற கப்பலிற் பணியாளாக அமர்ந்து அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடந்து இங்கிலாந்தையும் கண்டார். பல தொழில் செய்வோருடன் ஒன்றாக உண்டு உறங்கிய அவ்வனுபவம், எத்தொழிலும் இழிந்ததன்று என்னும் உணர்வை அவர் உள்ளத்திற் பதித்தது. 1896 ஆம் ஆண்டில் அலைச்சலை முடித்துச் சிக்காக்கோ நகரிற் சட்டத்தரணியாக நிலைகொண்டார்.

சிக்காக்கோ என்றதும் நம்மவர்க்கு 1893 ஆம் ஆண்டிற் சர்வமத மகாசபையில் எழுந்து நின்ற சுவாமி விவேகானந்தர் நினைவுக்கு வருவார். அம்மகாசபை கூடிய மூன்றாண்டுகளின் பின்னர், அதே நகருக்கு வந்த ஹரிஸோ எவராலும் அறியப்படாத ஒருவர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழ்ந்த அந்நகரில் வழக்குப் பேசுவதற்குக் கட்சிக்காரர் கிடைத்தனர். நட்புப் பேசுவதற்கு ஒருவர் கிடைத்திலர். வாரநாட்களில் தொழில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் பூங்காக்களில் தனியே உலாவினார். ஒவ்வொரு கிழமையும் வெவ்வேறு தேவாலயத்துக்குச் சென்று பார்த்தார். எங்கும் மனிதர் இருந்தனர். அவருடைய பெயர் சொல்லி அழைப்பார் இல்லை.

1900 ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது, சக சட்டத்தரணி ஒருவர் அவரைத் தம் வீட்டுக்கு இராப்போசனத்துக்கு அழைத்தார். உணவின் பின் இருவரும் அயலிலுள்ள கடைத்தெருவில் உலாவச் சென்றபோது, அந்நண்பர் கடைக்காரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விளித்து ஹரிஸை அறிமுகஞ் செய்துவைத்தார். வோலிங்பேட் கிராமத்தின் இயல்பு மாநகரின் நடுவே உயிருடனிருப்பதை அவர் கண்டார். பல தொழில் புரிவோரை ஒருங்கு கூட்டினால் நகரத்தினுள்ளே ஒரு சிற்றூரை அமைத்துவிடலாம் என்னும் எண்ணம் அவருள் முளைத்தது. ஆயினும் அவசரப்பட்டாரல்லர். அவ்வெண்ணத்தை ஐந்தாண்டுகள் மனத்திலே வைத்து ஆராய்ந்தார்.

1905 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் 23 ஆந் திகதி வியாழக்கிழமை இரவு, சிக்காக்கோ நகரின் யூனிற்றிக் கட்டடத்தில் 711 ஆம் இலக்க அறையில் நால்வர் கூடினர். சட்டத்தரணியாகிய ஹரிஸ், நிலக்கரி வியாபாரியாகிய சில்வெஸ்ரர் ஷீல், சுரங்கப் பொறியியலாளராகிய கஸ்ராவஸ் லோயர், தையற்றொழில் வணிகராகிய ஹைரம் ஷோரி என்போரே அந்நால்வர். கூடிய அறை லோயரின் காரியாலயம். நால்வரும் சிற்றூர்களிற் பிறந்து மாநகருக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்கள். அடுத்த கூட்டம் ஹரிஸின் காரியாலயத்திலும், அதற்கடுத்தது ஷீலின் நிலக்கரிக் கிட்டங்கியிலும் நடைபெற்றன. இவ்வாறு கூட்டம் ஒருவர் இடத்திலிருந்து மற்றொருவர் இடத்துக்குச் சுழன்று சென்றமையாலேயே சுழற்சியைக் குறிக்கும் றோட்டரி என்னும் பெயர் கழகத்துக்கு அமைந்தது. முதல் தலைவராக ஷீல் தெரிவு செய்யப்பட்டார். தொடக்கியவரான ஹரிஸ் சாதாரண உறுப்பினராகவே அமர்ந்தார். தலைமைக்குப் போட்டியிட்டே பிளவுபடும் சங்கங்களைக் கண்டு பழகிய நமக்கு இஃது ஒரு பாடமாகும்.

முதலில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கூடினர். பின்னர் மேற்குக் கரையிலுள்ள ஓக்லண்ட் நகரக் கழகம் வாரந்தோறும் பகலுணவு வேளையிற் கூடும் வழக்கத்தைத் தொடக்க, அதுவே எங்கும் பரவியது. கூட்டத்தின் அக்கால விதிகள் எளியவை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒருவரே அன்று உறுப்பினராக முடிந்தது. ஆதலின் ஒரு தொழிலார் பெருகி மற்றையோரை ஒதுக்குதல் இயலவில்லை. பட்டமும் பதவியும் வாசலிலே விடப்படும். ஒருவரையொருவர் இயற்பெயராலேயே அழைத்தல் வேண்டும். வரத் தவறியவர் சிறு தண்டம் செலுத்த வேண்டியிருந்தது. தொடக்க காலத்திற் கழகத்தின் சில்லறைச் செலவுகளுக்கு அத்தண்டப் பணமே உதவிற்று. ஐந்தாவதாக வந்து சேர்ந்த அச்சக உரிமையாளர் ஹரி றகிள்ஸ் என்பவர், ஒரு கூட்டத்திற் சலிப்புத் தட்டியபோது எழுந்து நின்று அனைவரையும் பாடச் செய்தார். அன்றிலிருந்து பாட்டும் கூட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. நண்பர் கூட்டம் நீதிமன்றம் போலிருத்தலாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

ஆயினும் அக்காலத்துக் கழகம் தொண்டுக் கழகமன்று. உறுப்பினர் தமக்குள் வியாபாரத்தைப் பெருக்கிக்கொள்வதே அதன் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. நிலக்கரி வேண்டுமா, ஷீலிடம் வாங்குக. சட்டை தைப்பிக்க வேண்டுமா, ஷோரியிடம் செல்க என்ற முறையில் காரியங்கள் நடந்தன. யாருக்கு யாரால் எத்துணை வியாபாரம் கிடைத்தது என்று கணக்கெழுதுவதற்கே ஓர் அலுவலர் இருந்தார். 1906 ஆம் ஆண்டில் டொனால்ட் காட்டர் என்னும் புத்தாக்க உரிமைச் சட்டத்தரணியை உறுப்பினராகும்படி அழைத்தனர். விதிகளைக் கேட்டறிந்த அவர் சேர மறுத்துவிட்டார். தம் உறுப்பினருக்கன்றி வெளியிலுள்ள ஒருவருக்கும் நன்மை செய்யாத சங்கம் நிலைக்காது என்பது அவர் கருத்து.

ஹரிஸின் பெருமை இவ்விடத்திலேதான் வெளிப்பட்டது. மறுத்தவர்மீது அவர் சினங்கொள்ளவில்லை. தாம் பெற்ற பிள்ளையைப் பிறர் குறைகூறினார் என்று வருந்தி ஒதுங்கவுமில்லை. காட்டரின் கூற்று உண்மை என்று கண்டார். காட்டரும் கழகத்துட் சேர்ந்து விதியைத் திருத்த உதவினார். நகரின் நன்மை கழகத்தின் நோக்கங்களுள் ஒன்றாக எழுதப்பட்டது. எனினும் உறுப்பினர் பலர் இதனை விரும்பினாரல்லர். களைப்பாற வந்த இடத்தில் ஊர்ப்பாரத்தைச் சுமத்துவானேன் என்று முணுமுணுத்தனர். 1907 ஆம் ஆண்டில் ஹரிஸ் தலைவரானபோது இப்பிணக்கு வளர்ந்தது. நட்பு ஒன்றே போதும் என்பார் ஒருபுறமும் தொண்டும் வேண்டும் என்பார் ஒருபுறமுமாக நின்றனர். இரண்டையும் ஒன்றோடொன்று பிணைப்பதே ஹரிஸின் வாழ்நாட் போராட்டமாக அமைந்தது.

அவர்கள் மேற்கொண்ட முதலாவது பெரும் பொதுப்பணி யாது? மண்டபமன்று; மணிக்கூட்டுக் கோபுரமன்று; பொது மலசலகூடம் ஒன்றே. சிக்காக்கோவின் கடைத்தெருவுக்கு வரும் ஏழை எளியோர் தம் இயற்கைத் தேவைக்குச் சாராயக் கடைகளையும் பெரும் வணிக நிலையங்களையுமே நாடவேண்டியிருந்தது. அங்கே நுழைந்தவர் வெறுங்கையுடன் வெளியே வருதல் அரிது. ஆதலாற் சாராய வியாபாரிகளும் வணிக நிலையத்தாரும் இம்முயற்சியைக் கடுமையாக எதிர்த்தனர். கழகத்தினர் தளராமல் ஏனைய சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு நகராட்சியை நெருக்கினர். ஈற்றில் நகராட்சியின் செலவில் அக்கூடம் அமைந்தது. ஒரு சிறு கழகம் தன் கைப்பணத்தாற் செய்ய இயலாததை, ஊரைக் கூட்டி உரியவரிடம் உரிமையுடன் கேட்பதாற் செய்விக்கலாம் என்பதை அது காட்டிற்று.

1908 ஆம் ஆண்டிற் சன் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது கழகம் தோன்றியது. 1910 ஆம் ஆண்டிற் பதினாறு கழகங்கள் சிக்காக்கோவில் மாநாடு கூடித் தேசிய சங்கத்தை அமைத்து ஹரிஸைத் தலைவராக்கின. அவ்வாண்டிலேயே அவர் ஜீன் தொம்சன் என்னும் ஸ்கொத்துலாந்து நாட்டு மங்கையை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. 1911 ஆம் ஆண்டில் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் கழகங்கள் தோன்றின. 1912 ஆம் ஆண்டிற் சங்கம் சர்வதேசப் பெயர் பூண்டது. அவ்வாண்டில் ஹரிஸ் தலைமைப் பதவியினின்றும் விலகினார். உடல்நலம் குன்றியிருந்தமையும் அதற்கொரு காரணம். பின்னர் முப்பத்தைந்து ஆண்டுகள் பதவியின்றியே பணியாற்றினார். நாடு நாடாகச் சென்றார். சென்றவிடமெல்லாம் நட்பின் அறிகுறியாக ஒரு மரக்கன்றை நாட்டினார்.

இனிப் பொருள் திரட்டல் பற்றிக் கூறுவோம். 1917 ஆம் ஆண்டில் அற்லாண்டா நகரிற் கூடிய மாநாட்டில், அப்போதைய தலைவர் ஆச் கிளம்ப் என்பவர் உலக நன்மைக்கென ஒரு நிதியைத் தொடங்கவேண்டுமென முன்மொழிந்தார். கரவொலி எழுந்தது, பணம் எழவில்லை. மறுவருடம் கன்சாஸ் நகரக் கழகம் அனுப்பிய 26 டொலர் 50 சதமே அந்நிதிக்கு வந்த முதற்கொடை. நகைப்புக்கிடமான அத்தொகையை அவர்கள் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. கணக்கிலெழுதி முதலாக வைத்தனர். பத்தாண்டுகள் கழித்தும், 1928 ஆம் ஆண்டில், நிதி ஐயாயிரஞ் சொச்சம் டொலரளவிலேயே நின்றது. எனினும் கணக்கு மூடப்படவில்லை.

இம்முறை நமக்குப் புதியதன்று. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுத்தவர் நம் பாட்டிமார். வணிகர் தம் விற்பனையில் ஒரு சிறு கூற்றை மகமையாக ஒதுக்கித் திருப்பணி நடத்தினர். திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடமையாது, ஒப்புரவறிதலுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இரந்தவனுக்கு இடுவது ஈகை. ஊரோடு ஒத்து ஊருக்கு வேண்டுவதைச் செய்வது ஒப்புரவு. ஹரிஸின் கழகம் வளர்ந்தது இவ்வொப்புரவின் வழியிலாகும். அத்தகைய கழகங்களிற் பேணப்படும் ஒரு நெறியும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கூட்டத்துக்கும் உணவுக்குமான செலவு உறுப்பினரின் சொந்தப் பணத்தினின்றும் வருதல் வேண்டும். இசைவிழாவுக்கும் நாடகத்துக்கும் அனுமதிச் சீட்டு விற்றுப் பொதுமக்களிடம் பெற்ற பணம் பொதுமக்களுக்கே செல்லுதல் வேண்டும். இவ்விரண்டு கணக்கும் கலந்த நாளே சங்கம் கெடும் நாள்.

கனடா நாட்டவராகிய ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் 1928 ஆம் ஆண்டிற் புறப்பட்டு, இரண்டரை ஆண்டுக் காலம் கீழைத்தேசங்களெங்குஞ் சென்று கழகங்களை நிறுவினார். அப்பயணத்தின்போது, 1929 ஆம் ஆண்டில், கொழும்பு றோட்டரிக் கழகம் தோன்றியது. ஆயினும் கூடித் தொண்டுசெய்யும் வழக்கத்தைக் கொழும்புத் தமிழர் அப்போதுதான் கற்றனர் என்று எண்ணற்க. சிக்காக்கோவில் நால்வர் கூடுவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1902 ஆம் ஆண்டில், கொழும்பில் விவேகானந்த சபை நிறுவப்பட்டது. கொட்டாஞ்சேனையை அடுத்த விவேகானந்த மேட்டில் அதன் இல்லம் அமைந்தது. ஊரை விட்டு வந்தோர் ஒன்றுகூடுவதற்கு ஓரிடம் வேண்டுமென்ற உணர்வு இரு நகரங்களிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருக்கொண்டமை வியப்புக்குரியது.

1947 ஆம் ஆண்டு சனவரி மாதம் 27 ஆந் திகதி ஹரிஸ் சிக்காக்கோவிற் காலமானார். அப்போது எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் அவருடைய கழகம் பரவியிருந்தது. தம் பூதவுடலுக்கு மலர்வளையம் சாத்துவதைத் தவிர்த்து, அதற்குச் செலவிடும் பணத்தை நிதிக்கு வழங்குமாறு அவர் விரும்பியிருந்தார். முப்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக ஊர்ந்த அந்நிதிக்கு, ஒன்றரை ஆண்டுக்குள் பதின்மூன்று இலட்சம் டொலர் வந்து குவிந்தது. அவ்வாண்டிலேயே பதினெட்டு மாணவர் பிறநாடுகளிற் சென்று உயர்கல்வி கற்பதற்கு அந்நிதி உதவிற்று. கல்லூரியினின்றும் நீக்கப்பட்ட ஒருவரின் நினைவு, பிறர் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. முதற்கூட்டத்துக்கு வந்த நண்பர் ஷீல் அடங்கிய மயானத்திலேயே ஹரிஸும் அடங்கினார். மற்றைய இருவராகிய லோயரும் ஷோரியும் சில ஆண்டுகளிலேயே கழகத்தை விட்டு நீங்கிவிட்டனர் என்பதையும் மறைத்தலாகாது. தொடங்கியோர் எல்லாரும் நிலைப்பதில்லை. நிலைப்போர் இருவர் இருப்பினும் போதும்.

அந்நிதி பின்னர்ச் செய்த பணிகளுள் ஒன்று நம் நாட்டையும் தொட்டது. இளம்பிள்ளைவாதத்தை உலகினின்றும் ஒழிப்பதென்று 1985 ஆம் ஆண்டில் றோட்டரி இயக்கம் உறுதிபூண்டு, 1988 ஆம் ஆண்டளவில் 24 கோடி 70 இலட்சம் டொலர் திரட்டியது. உலக சுகாதார நிறுவனமும் அரசுகளும் கைகோத்தன. இலங்கையில் அந்நோய் கடைசியாக 1993 ஆம் ஆண்டிற் காணப்பட்டது. 2014 ஆம் ஆண்டிலே தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் அந்நோயற்றதென உறுதிசெய்யப்பட்டது. குறைகளும் இருந்தன. செல்வரும் தொழில் முதல்வருமே நுழையத்தக்க கழகம் என்ற பழி அதற்கு உண்டு. ஹரிஸின் காலத்திற் பெண்கள் உறுப்பினராக இயலவில்லை. அமெரிக்க உயர்நீதிமன்றம் 1987 ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பின் பின்னர், 1989 ஆம் ஆண்டிலேதான் அக்கதவு உலகெங்கும் திறந்தது. காட்டர் சுட்டிய குறையை ஏற்றுத் திருந்திய கழகம், இக்குறையை ஏற்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

கல்லூரியின் விழா மலரில் இவ்வரலாற்றைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பழைய மாணவர் சங்கங்கள் நம்மிடையே பல. ஆண்டுக்கொருமுறை விருந்துண்டு, அலுவலரைத் தெரிந்து, கலைந்து செல்வதோடு சிலவற்றின் பணி முடிந்துவிடுகின்றது. 1983 ஆம் ஆண்டின் பின் நம்மவர் தொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் சிதறிக் குடியேறினர். அவர் அனுப்பும் பணத்தாற் பல கல்லூரிகளிற் கட்டடங்கள் எழுந்துள்ளன; அது போற்றத்தக்கதே. ஆயினும் அவரைப் பெற்றோர் பலர் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலே தனித்திருக்கின்றனர். கொட்டாஞ்சேனையின் சிற்றறைகளிலே, ஊரிலிருந்து படிக்கவும் பிழைக்கவும் வந்த இளைஞர் தனித்திருக்கின்றனர். கட்டடத்துக்கு வேண்டியது பணம். இவர்களுக்கு வேண்டியது வாரந்தோறும் வந்து கதவைத் தட்டும் ஓர் ஆள். அதற்குக் கடல் கடந்த நிதி வேண்டியதில்லை. நால்வரும் ஓர் அறையும் ஒரு குறித்த நாளும் இருந்தாற் போதும்.

போல் ஹரிஸ் செல்வத்தோடு தொடங்கினாரல்லர். தம் தனிமையோடு தொடங்கினார். அத்தனிமையைத் தம்மளவில் தீர்த்துக்கொண்டதோடு நின்றிருந்தால், அவர் கழகம் சிக்காக்கோ நகரத்து வியாபாரிகளின் விருந்துக்கூடமாகவே மறைந்திருக்கும். பிறருக்குமாக அதனைத் திறந்தமையாற் பெருமை பெற்றார். இவ்விழா ஆண்டில் நம் பழைய மாணவர் நால்வர் நால்வராகக் கூடுவாராக; கூடிய இடத்தில் ஒரு பிடி அரிசியாயினும் ஊருக்கென எடுத்து வைப்பாராக. கல்லூரி அன்னையின் புகழ் மேன்மேலும் ஓங்குக.